காரை ஓடைகளில் பைகளை எண்ணிய நாள்

அடுத்த மாதம் நீங்கள் மாணவர்களோடு ராஜஸ்தானுக்குக் கிளம்புகிறீர்கள். விண்கல் மோதி உண்டான வட்டப் பள்ளத்தையும், எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறைகளையும், கண்ணுக்கெட்டிய தூரம் மணலையும் அவர்களுக்குக் காட்டப் போகிறீர்கள். புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வீடு தேடி வந்து, "மேடம், உங்க அனுபவத்துலேர்ந்து எதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். பாறையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாது என்றால் உங்களை வேலைக்கு எடுத்தவர்களைத்தான் நான் பிடித்துக் கேட்க வேண்டும். அதனால் பாறையை விட்டுவிட்டு, ஒரு மாணவியைக் காரையில் விட்டுவிட்டு வந்த கதையை எழுதுகிறேன். அந்த விஷயத்தில் இந்தத் துறையில் என்னைவிட அனுபவசாலி யாரும் இல்லை.

அது நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் முன்னால் நடந்தது. முதுகலை முதலாண்டு, முப்பத்திரண்டு பேர். அவர்களுக்குக் காரைக்குப் போவதில் அவ்வளவு பெரிய உற்சாகம் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளைகள். செம்மண் பள்ளத்தையும் கல்லாகிப் போன நத்தையையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். "அடுத்த வருசம்தான் நெஜமான ட்ரிப்பு" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டில்தான் ராஜஸ்தான். அதற்குப் போய் வந்து அறிக்கை கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை. அந்த விதி இப்போதும் இருக்கிறது, உங்களுக்கே தெரியும்.

அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி இளவரசி. உடையார்பாளையத்துக்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரிக்கொல்லை. பெண்ணைப் படிக்க அனுப்பியவர், வெளியூர்ப் பயணம் என்றதும் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். நான் போனில் பேசினேன்.

"நீங்க கூட போறீங்களா டீச்சர்?"

"நான்தாங்க கூட்டிட்டுப் போறேன். நானே கொண்டாந்து விடுறேன்."

"அப்ப சரிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் படிவத்தில் கையெழுத்து வந்துவிட்டது.

பயணம் வழக்கமாகத் தை மாதத்தில் போவோம். அந்த வருடம் தேர்வுகள் தள்ளிப்போய், பங்குனி வெயிலில் போக வேண்டியதாயிற்று. வேண்டாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை வெயில் பார்த்திருக்கிறோம் என்கிற மிதப்பில் சொல்லவில்லை.

காரை ஓடைகளைப் பார்க்காதவர்கள் உங்களில் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. சிவப்பும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள், ஒன்றுக்குள் ஒன்று பின்னிய பள்ளங்கள், இடையிடையே கண்ணாடித் துண்டுபோல மின்னும் ஜிப்சம். புல் பூண்டு கிடையாது. தமிழ்நாட்டில் பாலைவனத்தை இரவல் வாங்கி வைத்தது மாதிரி இருக்கும். எந்த ஓடையில் இறங்கினாலும் இதற்கு முன் இறங்கியது போலவே தெரியும்.

காலையில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியதும் இளவரசி போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வானத்திலிருந்து எடுத்த படம். நாங்கள் நின்ற இடத்துக்குத் தென்மேற்கே, ஒரு கிலோமீட்டர் தள்ளி, வட்டமாக ஒரு பள்ளம்.

"மேடம், இது வட்டமா இருக்கு. விளிம்பும் தூக்கலா தெரியுது. க்ரேட்டரா இருக்க சான்ஸ் இருக்கா மேடம்?"

நான் படத்தைப் பார்த்தேன். பழைய ஜிப்சம் குழி. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டியிருப்பார்கள், அதுதான் அந்த விளிம்பு. அந்தப் பக்கத்தில் அப்படி நிறைய உண்டு. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "விண்கல்லு உடையார்பாளையத்து ஆளுங்களுக்கு மட்டும் சொல்லிட்டு வந்து விழுந்துச்சாம்மா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போது என் பை முறைக்கு வருகிறேன். அதை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. மற்றக் கல்லூரிக்காரர்கள்கூடக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் போட்ட துணிப்பை. ஒவ்வோர் இடத்திலும் அவரவர் பொறுக்கிய கல்லை, சீட்டு எழுதி, பையில் போட்டு, பஸ் வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். கல் மாறாது, சீட்டு தொலையாது. முப்பத்திரண்டு பை வந்துவிட்டால் முப்பத்திரண்டு பேரும் ஏறிவிட்டார்கள் என்று கணக்கு. முதல் சில வருடங்கள் பையையும் எண்ணினேன், தலையையும் எண்ணினேன். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருந்ததால், ஒரு கட்டத்தில் தலையை எண்ணுவதை விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை.

அன்று பதினொன்றரை மணிக்கு விசில் அடித்தேன். பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்கள். பிரவீன் என்கிற பையன் இரண்டு பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டினான். வாங்கினேன். கல்லைப் பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன், நன்றாக எழுதியிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஒரு ஆள் ஏன் இரண்டு பை கொடுக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைத் தூக்கி வந்த கை தெரியாது. பஸ் கிளம்பியது.

சிறுவாச்சூரில் ஒரு ஓட்டலில் சாப்பாடு சொல்லி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை. காளியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் ஓட்டலிலும் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளில் சிலர் கோயிலுக்கு ஓடினார்கள், சிலர் குளிர்பானக் கடைக்கு. எல்லாரும் வந்து உட்கார ஒன்றே கால் ஆகிவிட்டது. ஓட்டல்காரர் என்னிடம் வந்தார்.

"ஒரு எல மிச்சம் இருக்குங்க. ஆளு வரணுமா, எடுத்துரட்டுமா?"

நான் எழுந்து நின்று, அன்றைக்கு முதல் முறையாக, முகங்களை எண்ணினேன். இரண்டாம் தடவையும் எண்ணினேன். முப்பத்தொன்று. இளவரசி இல்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் பாலைவனத்துக்குப் போகிறீர்கள், அங்கே இதைச் சொல்ல நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

பிரவீன் இலையைப் பார்த்துக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவனை இழுத்து நாலு அறை வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. வைத்திருந்தால் அவன் பயந்துபோய்ப் பாதியை மறைத்திருப்பான். தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"திட்ட மாட்டேன். எங்க போனா, எப்ப போனா, என்ன சொன்னா. அத மட்டும் சொல்லு."

"அந்தக் குழிய பாத்துட்டு அரை மணி நேரத்துல வந்துடுறேன்னுச்சு மேடம். பத்தே முக்கால் இருக்கும். லேட்டானா பையக் குடுத்துருன்னு சொல்லுச்சு. பஸ் கௌம்புறப்ப பின்னாடி சீட்டுல பொண்ணுங்களோட ஏறியிருக்கும்னு நெனச்சிட்டேன் மேடம். இங்க எறங்கி தேடுனேன். கோயிலுக்கு போயிருச்சாக்கும்னு..." அவன் அழ ஆரம்பித்தான்.

"தண்ணி எவ்ளோ வச்சிருந்தா?"

"ஒரு பாட்டிலு. அதுவும் அரைதான்."

இரண்டரை மணி நேரம். அரை பாட்டில் தண்ணீர். அவள் போனுக்கு அடித்துப் பார்த்தோம், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஓடைக்குள் எப்போதுமே சிக்னல் கிடைக்காது. மேற்கே பச்சைமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் ஒரு பயம், மழை அதைவிடப் பெரிய பயம். அந்தக் களிமண் நனைந்தால் சோப்புக்கட்டிதான். நாலு தூறல் விழுந்ததும் ஓடையில் தண்ணீர் பாய்ந்து வரும்.

என்னோடு வந்திருந்த ஆசிரியர் ஒருவர். சின்ன வயது, சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நல்ல மனிதர். முகம் வெளுத்துப்போய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், மொதல்ல நாமளே போயி தேடிருவோம். கெடச்சிட்டா யாருக்கும் தெரிய வேணாம். இப்பவே அவங்க அப்பாவுக்கோ காலேஜுக்கோ சொன்னா பெரிய விவகாரம் ஆயிடும். உங்களுக்குத்தான் மேடம் கஷ்டம்."

அவர் எனக்காகத்தான் சொன்னார். எனக்கும் அப்படிச் செய்ய ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரத்தில் அவளைக் கூட்டி வந்து இலையில் உட்கார வைத்துவிட்டால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஆனால் கிடைக்காவிட்டால்? மாலை ஐந்து மணிக்கு அந்த அப்பாவுக்குப் போன் செய்து, மத்தியானமே தெரியும், இப்போதுதான் சொல்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? போனை எடுத்து உடையார்பாளையத்துக்கு அடித்தேன்.

"நான் டீச்சர் பேசுறேங்க. இளவரசிய காரை ஓடைல விட்டுட்டு வந்துட்டோம். தேடப் போறேன். கெடச்ச ஒடனே சொல்றேன்."

"கௌம்பி வரேங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்து 108க்குச் சொன்னேன். பஸ் ஓட்டுநர் சேகருக்குக் காரையில் டீக்கடைக்காரர் ஒருவரைப் பழக்கம். அவரிடம், ஓடைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் யாராவது இருந்தால் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லச் சொன்னேன். அதற்குள் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் கை கழுவிவிட்டு வந்து நின்றார்கள், நாங்களும் தேட வருகிறோம் என்று. நல்ல பிள்ளைகள். ஒருவரையும் சேர்க்கவில்லை. இத்தனை பேரை அந்தப் பள்ளங்களுக்குள் இறக்கிவிட்டால் அவர்களில் எத்தனை பேரைத் தேட வேண்டி வருமோ, யார் கண்டது? ஆசிரியர் சின்னவரிடம், "நீங்க இங்கயே இருங்க தம்பி. கதவுல நின்னு பேர் சொல்லி எண்ணுங்க, கால் மணிக்கு ஒரு தடவை" என்றேன். நானும் சேகரும் பிரவீனும் மட்டும் பஸ்ஸில் திரும்பினோம்.

அந்த அரை மணி நேரப் பயணத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

காரையில் இரண்டு மூன்று ஊர்க்காரர்களோடு ராசாத்தி என்கிற பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஆடுகளை மரத்தடியில் ஒதுக்கிவிட்டு வந்திருந்தார்.

"ஒரு பொண்ணு சுத்தியல புடிச்சிக்கிட்டு மேட்டு மேலயே போச்சுங்க. என்னா பாப்பா தனியா போறன்னு கேட்டேன். தோ வந்துருவேன்க்கான்னு சொல்லுச்சு. திரும்புனத நான் பாக்கல."

உடனே எல்லாரும் குழியைப் பார்த்து ஓடக் கிளம்பினார்கள். நான் நிற்கச் சொன்னேன். ஓட வேண்டிய நேரத்தில் நின்று யோசிப்பது ரொம்பக் கஷ்டமான காரியம். பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பார்கள். பரவாயில்லை. போகும்போது அவள் மேட்டின் மேலேயே போயிருக்கிறாள், குழி கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. திரும்பும்போது? உச்சி வெயில், தண்ணீர் தீர்ந்திருக்கும். யாராக இருந்தாலும் நிழலைத் தேடித்தான் இறங்குவார்கள். அந்த நேரத்தில் அங்கே நிழல் இருப்பது ஒரே இடத்தில்தான், ஓடைத் தண்ணீர் கரையின் அடியை அரித்துக் குடைந்த இடங்களில். அவள் குழியில் இல்லை, குழிக்கும் எங்களுக்கும் நடுவில் ஏதோ ஓர் ஓடைக்குள் இருக்கிறாள். ராசாத்தியிடம் கேட்டேன், கரை குடைந்த ஓடை இந்தப் பக்கம் எத்தனை என்று.

"பெருசா நாலு இருக்குதுங்க. வெயிலுக்கு ஆடு பூந்துக்கும்."

நாலையும் வரிசையாகப் பார்க்கப் போனோம். ராசாத்தி முன்னால். எல்லாரும் "இளவரசி, இளவரசி" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். முதல் ஓடையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. காற்று எழுந்தது, மண் வாசனை வந்துவிட்டது. எங்கோ மழை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிரவீன் தொண்டை கிழியக் கத்தினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் பதில் சொன்னாலும் எங்களுக்குக் கேட்காது, நாங்கள்தான் விடாமல் கத்துகிறோமே.

"ஒருத்தரும் பேசக் கூடாது. மூச்சு விடுற சத்தம்கூட வரக் கூடாது" என்றேன்.

நின்றோம். காற்றுச் சத்தம். பிறகு, ரொம்ப மெல்ல, ஒரு சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அது சுத்தியல் கல்லில் விழும் சத்தம். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. வெறும் களிமண்ணில் தட்டினால் சத்தம் வராது என்று தெரிந்து, களிமண்ணுக்குள் புதைந்திருக்கும் உருண்டைக் கல் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் நல்ல பெண்ணைத்தான் கேலி செய்திருக்கிறேன்.

நாலாவது ஓடை. கரைக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, கண் செருகி, வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. இறங்கும்போது வழுக்கி விழுந்து, அங்கேயிருந்து உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நிழலுக்கு வந்திருக்கிறாள். நான் போய் முகத்தைப் பிடித்தேன். அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"மேடம், அது குழிதான். நீங்க சொன்னதுதான் கரெக்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தச் சரியை வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

அழ நேரமில்லை. சொட்டுச் சொட்டாக மழை விழ ஆரம்பித்தது. துண்டை நனைத்து முகத்தில் போட்டு, வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். சேகர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடை வழியாகவே கீழே போய்விடலாம் என்றார். சமதரை, பத்து நிமிடத்தில் பாதை வந்துவிடும். கரையில் ஏறினால் செங்குத்து, நனைந்த மண், அடிபட்ட கால். எனக்கும் சமதரைதான் நல்லது என்று பட்டது. ராசாத்தி குறுக்கே வந்து நின்றார்.

"ஓடைல போவாதீங்க. மேல தண்ணி எறங்கிட்டா ஓட எடமிருக்காது. ஆடு ஏறுற தடம் இருக்கு, வாங்க."

களிமண்ணைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும். ஆனால் அந்த ஓடையில் அந்த நேரத்துக்கு எந்த வழி என்று தெரிந்தவர் அவர்தான். "அவங்க சொல்ற வழியில போவோம்" என்றேன். ஊர்க்காரர் ஒருவர் முன்னால் இழுக்க, சேகரும் பிரவீனும் தாங்க, நான் பின்னாலிருந்து தள்ள, நாலு காலில் தவழ்ந்து ஏறினோம். வலியில் இளவரசி என் தோளைக் கடித்தாள். மேலே போய் அவளைக் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து போயிருக்க வேண்டிய ஓடையில் சிவப்புத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குச் சுழித்துக்கொண்டு ஓடியது. ராசாத்தி ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கிருந்தே இளவரசியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். 108 வண்டியில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேரும் முன்பே அவர் வந்து காத்திருந்தார். கொல்லையில் வேலை செய்த அழுக்கு வேட்டி சட்டையோடு, மழையில் நனைந்து, இருசக்கர வண்டியில் அவ்வளவு தூரம் வந்திருந்தார். எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நான் அவரிடம் போனேன்.

"தப்பு என்னோடதுங்க. எண்ண வேண்டியது நான். ஆள எண்ணாம பைய எண்ணிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "கொண்டாந்து வுடுறேன்னு சொன்னீங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். பிறகு மகள் இருந்த அறைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை கல்லூரியில் விசாரணை. முதல்வர் என்மேல் அக்கறையோடுதான் பேசினார். ஓய்வு பெறப் போகும் நேரத்தில் எதற்கு வம்பு, மாணவி அனுமதி இல்லாமல் தனியாகப் போனாள் என்று எழுதிக் கொடுங்கள், பையன் பொய்யாகப் பையைக் கொடுத்தான் என்று எழுதுங்கள், அதுவும் உண்மைதானே என்றார். உண்மைதான். ஆஸ்பத்திரியிலிருந்து இளவரசி எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தையும் தன்னுடையதையும் பிரவீன் கொண்டுவந்துகூட விட்டான். ஆனால் அந்த உண்மையை எழுதினால் இருவருக்கும் அடுத்த வருடப் பயணம் ரத்தாகும். பயணம் இல்லை என்றால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லை என்றால் பட்டம் இல்லை. இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் குழியைப் பார்க்க ஓடத்தான் செய்வார்கள். ஓடுகிறவர்கள் திரும்பினார்களா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். இரண்டு கடிதத்தையும் வாங்கிக் கிழித்துப்போட்டேன். கேலி செய்தது, பையை எண்ணியது, தலையை எண்ணாதது மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருடம் களப்பயணம் எதற்கும் போகக் கூடாது. எனக்கு இருந்ததே ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு நான் மாணவர்களோடு எந்தப் பாறைக்கும் போகவில்லை. வருத்தமா என்று கேட்டால், ஆமாம், ரொம்ப வருத்தம்.

அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் ராஜஸ்தான் பயணம் வந்ததும் இளவரசியின் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பட்டம் இல்லாவிட்டால் போகட்டும், பெண் இருந்தால் போதும் என்றார். உடையார்பாளையத்துக்கு நேரில் போனேன். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"நீங்க கூட போறீங்களா டீச்சர்?" அதே கேள்வி.

"எனக்கு அனுமதி இல்லைங்க. எங்க டிபார்ட்மெண்டுல இன்னொரு சார் கூட்டிட்டுப் போறார்."

"அப்ப வேணாங்க."

திரும்பி வந்து சின்னவரிடம் சொன்னேன். நான் போகச் சொல்லவில்லை. அவராகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார், நானும் கூடப் போனேன். அவர் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கு உங்களுக்கு போன் பண்ண வேணாம், நாமளே பாத்துக்கலாம்னு மேடம்கிட்ட சொன்னவன் நான்தாங்க. அத ஒங்ககிட்ட சொல்லாம ஒங்க பொண்ண கூட்டிட்டுப் போறது சரியில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போயும் போயும் இதையா சொல்வது, காரியம் கெட்டது என்றே நினைத்தேன். இளவரசி கதவோரம் நின்றிருந்தாள். அவள் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் இப்ப சொல்றீங்க?"

"நாளைக்கு அங்க ஏதாச்சும் ஒண்ணுன்னா, மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவேன். அத நீங்க நம்பணும்ல."

அவர் மகளிடம் பேனா எடுத்து வரச் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "என் நம்பர எழுதிக்குங்க சார். ஒவ்வொரு தடவயும் புள்ளைங்க பஸ்ஸுல ஏறுனதும் எனக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். சின்னவர் எழுதிக்கொண்டார்.

ராஜஸ்தானில் அவர்கள் அந்த விண்கல் பள்ளத்துக்குள் இறங்கிய நாள் நான் வீட்டில் இருந்தேன். எத்தனை மணிக்கு இறங்குவார்கள், எத்தனை மணிக்கு ஏறுவார்கள் என்று எனக்கு அத்துப்படி. காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, நாலு ஆயிற்று. சின்னவருக்குப் போன் செய்யலாம் என்று எத்தனையோ முறை எடுத்தேன். வேலை நேரத்தில் அவர் எண்ணுவதை நான் கெடுக்கக் கூடாது என்று வைத்துவிட்டேன். ஐந்தரைக்குப் போன் அடித்தது. உடையார்பாளையத்திலிருந்து.

"டீச்சர், நான்தாங்க. சார் இப்பதான் பேசுனாரு. பேர் சொல்லி எண்ணிட்டாராம், பாப்பா ஏறிருச்சாம். ஒங்களுக்கும் மனசு கெடந்து அடிச்சிக்குமேன்னுதான் கூப்புட்டேன். நீங்க இன்னும் சாப்புட்ருக்க மாட்டீங்க. போயி சாப்புடுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டேன். தட்டுச் சத்தம் அவருக்குக் கேட்டதோ என்னவோ, வச்சிடுறேன் டீச்சர் என்றார்.